குழந்தையை முழுசாகப் பார்க்கிறேன் என்று கிளம்பி நான் பட்டது

வேலைக்கு விண்ணப்பித்தபோது, 'உங்கள் கல்விக் கொள்கையை ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதவும்' என்று ஒரு கேள்வி இருந்தது. ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு வந்த சூடு, 40 நிமிடத்தில் எழுதித் தள்ளிவிட்டேன். அறிவு, உடல், மனம், சமூக உணர்வு என எல்லாப் பக்கமும் குழந்தை முழுமையாக வளர வேண்டும், மதிப்பெண் மட்டும் கல்வி ஆகாது, தலை இதயம் கை மூன்றுக்கும் வேலை தரும் வகுப்பறை என்னுடையது, இப்படி. திரும்பப் படித்தபோது எனக்கே புல்லரித்தது. நேர்முகத்தில் அந்தப் பக்கத்தைப் பாராட்டினார்கள் வேறு. ஆனால் 38 பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் அறையில் திங்கட்கிழமை காலை முதல் பாடவேளையில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எழுதியவளுக்கே தெரியாது. அடுத்த ஒன்றரை வருடத்தில் போனது என்னவென்றால், ஒரு பையனின் நாலரை மாதம், என்னுடைய ஒன்றரை மாதச் சம்பளம், மூன்று வாரம் என் குரல், அப்புறம் ஒரு சின்னப் பெண் என்மேல் வைத்திருந்த நம்பிக்கை. யாராவது முன்னாலேயே உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் இதில் பாதியாவது மிஞ்சியிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பையன். ஒன்பது வயது. 'நோட்டை எடுங்கள்' என்றால் 37 பேரும் எடுத்த பிறகு எடுப்பான், அதுவும் பக்கத்தில் இருப்பவன் எந்த நோட்டை எடுத்திருக்கிறான் என்று ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு. கேள்வி கேட்டால் சில நாள் டக்கென்று பதில் வரும், சில நாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பான். இந்த 'சில நாள்' என்பதுதான் என்னை ஏமாற்றியது. தெரியாதவனாக இருந்தால் என்றைக்கும் தெரியாதுதானே, அப்போ இவன் வேண்டுமென்றே செய்கிறான் என்று முடிவு கட்டினேன். குறிப்பேட்டில் 'கவனக்குறைவு' என்று எழுதினேன், அடுத்த மாதம் 'பிடிவாதம்' என்று எழுதினேன். பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுகிறான் என்று கோபப்பட்டு, தனியாகக் கடைசி வரிசையில் உட்கார வைத்தேன். இதை இப்போது எழுதும்போதும் கை கூசுகிறது.

அவன் நோட்டிலேயே விடை இருந்தது. பலகையைப் பார்த்து எழுதிய பக்கத்தில் ஒரு பிழை இருக்காது, கையெழுத்தும் முத்து முத்தாக இருக்கும். அதே நோட்டில் நாலு பக்கம் தள்ளிச் சொல்வதெழுதுதல்: நான் 'விதை' என்று சொன்னது 'விடை' ஆகியிருக்கும், 'கதை' என்றது 'கடை' ஆகியிருக்கும். சிவப்பு மையால் வட்டம் போட்டு, 'கவனித்துக் கேள்' என்று பக்கத்திலேயே எழுதியிருக்கிறேன். கவனித்துக் கேள்! இரண்டு பக்கங்களையும் அருகருகே வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. திருத்துவதும் மதிப்பெண் போடுவதும் வேலை என்று நினைத்தேனே தவிர, நோட்டைப் படிப்பது ஒரு வேலை என்று நினைக்கவில்லை.

இதற்கு நடுவில்தான் அந்தச் சம்பளக் கதை. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு கற்றல் பாணி இருக்கிறது, அதைக் கண்டுபிடித்து அதற்கேற்பக் கற்பித்தால் குழந்தை முழுமையாக மலரும் என்று ஒரு பயிற்சி. கட்டணம், பயிற்சிப் பெட்டி, ஒட்டுப்பட்டைகள் எல்லாம் சேர்த்து என் ஒன்றரை மாதச் சம்பளம் போயிற்று. பள்ளி தராது, நானே கட்டினேன். கண் வழிக் கற்பவர், காது வழிக் கற்பவர், செய்து கற்பவர் என்று மூன்று நிறம். 38 பேருக்கும் கேள்வித்தாள் கொடுத்துக் கணக்குப் போட்டு நிறம் ஒட்ட இரண்டு சனிக்கிழமைகள் போயின. நம் பையன் வகுப்பிலேயே மிகத் தெளிவாகக் 'கண் வழிக் கற்பவர்' என்று வந்தான். எனக்கு ஒரே பெருமை. படம் படமாக அட்டை செய்து கொடுத்தேன். சரியாகக் காது கேட்காத ஒரு குழந்தையை, ஒன்றரை மாதச் சம்பளம் கொடுத்து, கண்ணால் நன்றாகக் கற்கிறவன் என்று கண்டுபிடித்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அந்தப் பயிற்சியைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களாவது பணத்தைப் பத்திரப்படுத்தட்டும். பாணி பார்த்துப் பாடம் நடத்தினால் நன்றாகக் கற்பார்கள் என்பதற்குப் போதுமான ஆதாரம் இல்லை என்று 2008-இல் உளவியலாளர்கள் நால்வர் அதுவரை வந்த ஆய்வுகளைச் சல்லடை போட்டுச் சொல்லிவிட்டார்கள். அறிவுத்திறன் என்பது ஒன்றல்ல, மொழி, கணக்கு, இசை என்று பல வகை என அமெரிக்க உளவியலாளர் ஹோவர்ட் கார்ட்னர் 1983-இல் முன்வைத்த பன்முக அறிவுத்திறன் கருத்தையும் இதையும் எனக்குப் பயிற்சி தந்தவர் ஒன்றாகக் கலந்து பேசினார். கார்ட்னரே 2013-இல், அது வேறு, கற்றல் பாணி வேறு, இரண்டையும் குழப்பாதீர்கள் என்று சொல்லியிருக்கிறார். படம் காட்டுவது, பேசுவது, செய்ய வைப்பது மூன்றும் எல்லாக் குழந்தைக்கும் தேவை. பாடம் எதைக் கேட்கிறதோ அதைச் செய்தால் போதும். வரைபடத்தைக் கண்ணால்தான் படிக்க வேண்டும், பாட்டைக் காதால்தான். இதற்குப் பட்டை ஒட்டத் தேவையில்லை. அதைவிட, ஒட்டிய பட்டை குழந்தையின் வாயிலும் ஏறிவிடுகிறது. 'நான் படிச்சா மண்டையில ஏறாது மிஸ், நான் செஞ்சு கத்துக்கிற டைப்' என்று ஒரு சிறுமி புத்தகத்தை மூடி வைத்த அன்றுதான் எல்லாவற்றையும் உரித்துப் போட்டேன்.

பையனைக் கண்டுபிடித்தவர் எங்கள் விளையாட்டு ஆசிரியர். ஆசிரியர் அறையில் போகிற போக்கில்தான் கேட்டார். 'மேடம், அந்தப் பையனைப் பின்னாலிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவே மாட்டேன்கிறான், கையைக் காட்டினால் முதல் ஆளாக வந்து நிற்கிறான். காது பார்த்தார்களா?' எனக்கு முதுகில் சில்லென்று ஓடியது. சோதித்தார்கள். அடிக்கடி சளி பிடித்து, இரண்டு காதிலும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருந்தது. குழந்தைகளிடம் இது மிகவும் சகஜமாம். பெரும்பாலும் வலி இருக்காது. ஏறும், இறங்கும், அதனால் ஒரு நாள் கேட்கும், ஒரு நாள் கேட்காது. நான் 'பிடிவாதம்' என்று எழுதியது சளிதான். பல குழந்தைகளுக்கு மூன்று மாதத்துக்குள் தானாகவே வற்றிவிடும், வற்றாவிட்டால் சிகிச்சை உண்டு. அதுவரை முன்னால் உட்கார வைத்து முகம் பார்த்துப் பேசினாலே பாதிப் பிரச்சினை தீரும் என்று மருத்துவர் சொன்னாராம். நான் அவனை எங்கே உட்கார வைத்திருந்தேன் என்று மேலே சொல்லிவிட்டேன்.

அதனால் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது கொள்கை எதுவும் இல்லை. ஒரு குழந்தையின் குணத்தைப் பற்றி ஒரு சொல் எழுதும் முன் அதன் காது, கண், தூக்கம், பசி நான்கையும் பார்த்துவிடுங்கள். பலகையைப் பார்த்து எழுதுவதில் தப்பு, புத்தகத்தைப் பார்த்து எழுதுவதில் சரி என்றால் கண்ணைச் சந்தேகப்படுங்கள். சொல்வதெழுதுதலில் மட்டும் தப்பு என்றால் காது. காலையில் நன்றாக இருந்து பதினோரு மணிக்கு மேல் எரிந்து விழுகிற பிள்ளை காலையில் சாப்பிட்டதா என்று கேளுங்கள், ஆனால் வகுப்பில் எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள். அப்புறம் பெற்றோரிடம் பேசும்போது நோயின் பெயரைச் சொல்லாதீர்கள், நாம் மருத்துவர் இல்லை. 'இந்தத் தேதியில் இப்படி நடந்தது, இந்த நோட்டில் இந்தப் பக்கத்தைப் பாருங்கள், ஒருமுறை காட்டிவிடலாமா' என்ற அளவில் நிறுத்தினால் கேட்டுக்கொள்கிறார்கள். 'உங்கள் பிள்ளைக்குக் குறை இருக்கிறது' என்று தொடங்கினால் முதல் வாக்கியத்திலேயே கதவு சாத்திக்கொள்ளும். இதில் எனக்கு இரண்டு முறை அனுபவம்.

இத்தோடு நிறுத்தியிருந்தால் சரி. குற்றவுணர்ச்சி சும்மா விடுமா? இனி ஒரு குழந்தையிடம் ஒன்றைக்கூடத் தவறவிட மாட்டேன் என்று கிளம்பினேன். ஆளுக்கொரு பயிற்சித்தாள், மனசில் இருப்பதை எழுதிப் போட ஒரு பெட்டி, மதிய உணவு பிள்ளைகளோடு, இரவில் பெற்றோருக்குச் செய்தி. தூங்கப் பன்னிரண்டு ஆகும். பாடம் தயாரிப்பதற்கு மட்டும் நேரமே கிடைக்காது. ஆறாவது வாரத்தில் பின்னத்தைத் தப்பும் தவறுமாக நடத்தி, மறுநாள் திரும்பவும் முதலிலிருந்து நடத்த வேண்டியதாயிற்று. அப்போதும் நான் நினைத்தது, அர்ப்பணிப்பு என்றால் இப்படித்தான் இருக்கும் போல என்று.

அந்தப் பெட்டியில்தான் ஒரு பெண் குழந்தையின் சீட்டு வந்தது. 'உங்களிடம் தனியாகப் பேசணும்.' சத்தமே போடாத பிள்ளை, என்றைக்கும் வீட்டுப்பாடம் முடித்திருப்பாள். உண்மையைச் சொன்னால், அதுவரை அவளிடம் வருகைப்பதிவைத் தாண்டி நான் நாலு வார்த்தை பேசியிருந்தால் அதிகம். படிக்கட்டுக்குக் கீழே நின்று, 'யார்கிட்டயும் சொல்லக் கூடாது மிஸ், சத்தியமா?' என்றாள். 'சத்தியமா' என்று கையில் அடித்தேன். பிறகு அவள் சொன்ன விஷயம் என்ன என்று நான் எழுதப் போவதில்லை, அது அவளுடையது. வீட்டுச் சங்கதி, ஒரு ஆசிரியை தன்னோடு வைத்துக்கொள்ளக் கூடாதது என்று மட்டும் புரிந்துகொள்ளுங்கள். நான் 19 நாள் வைத்துக்கொண்டேன். தினமும் அவளிடம் ஆறுதல் பேசினேன், அவள் முகம் தெளிவதாக எனக்குத் தோன்றியது, நானே சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். கடைசியில் தாங்க முடியாமல் பள்ளியின் ஆலோசகரிடம் போனபோது, அவர் முழுதும் கேட்டுவிட்டு, 'எத்தனை நாளாக உங்களுக்குத் தெரியும்?' என்று மட்டும் கேட்டார். 19 என்று சொல்ல வாய் வரவில்லை. இரண்டு வாரமாக என்று சொன்னேன். அங்கேயும் ஒரு பொய்.

அதன் பிறகு எல்லாம் முறைப்படி நடந்தது, அவளுக்கு உதவி கிடைத்தது. ஆனால் சத்தியத்தை மீறியவள் நான்தானே. இரண்டு மாதம் என் முகத்தைப் பார்க்கவில்லை. நோட்டை நீட்டும்போதும் தலையைத் திருப்பிக்கொள்வாள். ஆலோசகர் எனக்குச் சொல்லிக் கொடுத்ததை அப்படியே தருகிறேன், மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். குழந்தை ரகசியம் கேட்டால், 'நீ சொல்வதை நான் கவனமாகக் கேட்பேன். உன்னைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டிய விஷயமாக இருந்தால், உதவி செய்யக்கூடிய ஒருவரிடம் மட்டும் சொல்வேன், சொல்வதற்கு முன் உன்னிடம் சொல்லிவிடுவேன்.' இதைக் கேட்ட பிறகும் பெரும்பாலான பிள்ளைகள் பேசத்தான் செய்கிறார்கள். பேசும்போது துருவித் துருவிக் கேட்காதீர்கள், 'அவர்தான் செய்தாரா?' என்று விடையை எடுத்துக் கொடுக்காதீர்கள். அது பின்னால் குழந்தைக்கே பாதகமாக முடியும். அன்றைக்கே, அவள் சொன்ன சொற்களிலேயே, தேதியும் நேரமும் போட்டு எழுதி, பள்ளியில் அதற்குப் பொறுப்பானவரிடம் கொடுத்துவிடுங்கள். பொறுப்பானவர் யார் என்பதை வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது எட்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

குரல் போனது அதற்கு அடுத்த மாதம். கரகரப்பாக ஆரம்பித்தது, வெந்நீர் குடித்துச் சமாளித்தேன், ஒருநாள் காலை 'வணக்கம்' என்று வாயைத் திறந்தால் காற்று மட்டும் வந்தது. குரல் நாண்களில் சின்ன முடிச்சுகள், மூன்று வாரம் பேசவே கூடாது என்றார் மருத்துவர். கத்திப் பேசுகிற ஆசிரியர்களுக்கும் பாடகர்களுக்கும் வருவதுதானாம். விடுப்பு தீர்ந்து, சம்பளமில்லாத விடுப்பில் வீட்டில் உட்கார்ந்தேன். வகுப்பு என்ன ஆகுமோ என்று முதல் வாரம் தூக்கமில்லை. ஒன்றும் ஆகவில்லை. எனக்குப் பதிலாக வந்தவர் மணி அடித்ததும் வீட்டுக்குப் போகிற ரகம், பிள்ளைகளோ பின்னத்தை அவரிடம்தான் ஒழுங்காகக் கற்றிருந்தார்கள். வலித்தது, மறைப்பானேன்.

பேச முடியாத அந்த நாட்களில்தான், நான் விண்ணப்பத்தில் எழுதிய 'தலை, இதயம், கை' யாருடையது என்று தேடிப் படித்தேன். பெஸ்டலோசி என்ற சுவிட்சர்லாந்துக் கல்வியாளர். பயிற்சி வகுப்பில் பெயர் சொல்லியிருந்தார்கள், தேர்வில் எழுதியும் இருக்கிறேன். ஆனால் 1799-இல் அவர் பட்ட பாட்டை யாரும் சொல்லவில்லை. போரில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக ஸ்டான்ஸ் என்ற ஊரில் ஒரு இல்லம். 80 பிள்ளைகள் வரை இருந்தார்கள், பெரியவர் என்று இவர் ஒருவர், உதவிக்கு ஒரு வேலைக்காரப் பெண்மணி. பாடம் சொல்வது, குளிப்பாட்டுவது, நோயில் பார்த்துக்கொள்வது, கூடவே தூங்குவது என்று எல்லாம் அவரேதான். ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை. ஜூன் மாதம் அந்தக் கட்டடத்தைப் படையினரின் மருத்துவமனைக்காக எடுத்துக்கொண்டார்கள், அவர் உடல் நைந்துபோய் மலைப்பக்கம் ஓய்வுக்குப் போனார். அவர் பெரிய மனிதர், நான் என்னை ஒப்பிடவில்லை. ஆனால் என் கொள்கைப் பக்கத்தில் எங்கே ஓட்டை என்று அப்போதுதான் தெரிந்தது. குழந்தையின் எல்லாப் பக்கமும் வளர வேண்டும் என்று எழுதினேன், அத்தனை பக்கத்தையும் நான் ஒருத்தியே வளர்க்க வேண்டும் என்று எழுதாமலேயே சேர்த்துக்கொண்டேன். அந்தப் பையனைக் கண்டுபிடித்தது விளையாட்டு ஆசிரியர், தெளிய வைத்தது மருத்துவர். அந்தப் பெண்ணுக்கு உதவியது ஆலோசகர். பின்னத்தைக் கற்றுக் கொடுத்தது பதிலுக்கு வந்தவர். இதில் என் பங்கு என்ன? பார்ப்பது, எழுதி வைப்பது, உரியவரிடம் சேர்ப்பது. அப்புறம் பாடத்தை ஒழுங்காக நடத்துவது.

கடைசியாகச் சொன்னதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் முழுமையான வளர்ச்சி என்று பேசுகிற நம்மவர்கள் பலருக்கு அது இளப்பமாகத் தெரிகிறது. வாசிக்கத் தெரியாமல் ஆறு மாதமாக வகுப்பில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்குத் தன்னம்பிக்கைப் பயிற்சி நடத்துவதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. வாசிக்கக் கற்றுக் கொடுங்கள், தன்னம்பிக்கை பாதி தானாக வரும். காது தெளிந்த பிறகு அந்தப் பையன் முதல்முறை பிழையில்லாமல் சொல்வதெழுதுதல் முடித்த நாளில், நோட்டைத் தூக்கிக்கொண்டு விளையாட்டு ஆசிரியரிடம்தான் ஓடினான், என்னிடம் வரவில்லை. நியாயம்தான்.

இப்போது செய்வது கொஞ்சம்தான். கேள்வி கேட்டால் காலணிக்குள் கால்விரலை மடக்கி மூன்று எண்ணுகிறேன். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஒரு நொடிகூடப் பொறுப்பதில்லை, மூன்று நொடி பொறுத்தால் பதில் நீளமாக வருகிறது, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள் என்று மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970-களிலேயே கண்டு சொன்னார். மூன்று நொடி வகுப்பறையில் எவ்வளவு நீளம் என்பது எண்ணிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். முதல் வாரம் எனக்கு வியர்த்தது. குரலுக்கும் நல்லது. அமைதிக்குக் கையைத் தூக்குகிறேன், கத்துவதில்லை. பெட்டியை எடுத்துவிட்டேன், இரவுச் செய்திகளை நிறுத்திவிட்டேன். ஒரு பெற்றோர் குறைப்பட்டுக்கொண்டார், படட்டும்.

இன்னொன்று, இதற்குக் காசும் இல்லை, பயிற்சியும் வேண்டாம். மாதம் ஒருமுறை, வீட்டில், பதிவேட்டைப் பார்க்காமல் வகுப்பில் உள்ள எல்லோர் பெயரையும் நினைவிலிருந்து எழுதிப் பாருங்கள். முதலில் வருவது குறும்புக்காரர்களும் முதல் மதிப்பெண்காரர்களும். கடைசியில் பேனா நிற்கும். அன்று, விடுப்பிலிருந்தபோது முதல்முறை எழுதினேன், 31 வந்தது. வராத ஏழு பேரும் தொல்லை தராத நல்ல பிள்ளைகள். படிக்கட்டுக்குக் கீழே நின்று சத்தியம் வாங்கிய பெண்ணை இனி எப்படி மறப்பேன், அவள் பெயர் முதல் வரியிலேயே இருந்தது. பெட்டியில் சீட்டுப் போடுவதற்கு முந்தைய வாரம் எழுதியிருந்தால் அவளும் சேர்த்து எட்டாகியிருக்கும்.

நேற்று இரவு இந்த வருட வகுப்புக்கு எழுதினேன். 36 வரை ஓடியது, இரண்டு பெயர் வரவில்லை. காலையில் பதிவேட்டைத் திறந்து பார்த்துக்கொண்டேன். ஒருத்தியிடம் போய் முழங்கையில் என்ன கட்டு என்று கேட்டேன். 'இது போட்டு ஒரு வாரம் ஆச்சு மிஸ்' என்றாள். இன்னொருவனிடம் நாளைக்குப் பேச வேண்டும்.